கலீஃபாவின் மகள்

1920 ஆகஸ்ட் 12 அன்று சென்னைக் கடற்கரையில் காந்தி பேசினார். உடன் வந்திருந்தவர் மௌலானா சௌகத் அலி. ஒத்துழையாமையும், துருக்கிக் கலீஃபாவின் பதவியைக் காக்க எழுந்த கிலாபத்தும் ஒரே மேடையில் முழங்கிய கூட்டம் அது. யாகூப் ஹசன் சேட் போன்றோர் இந்த மாகாணத்தில் அந்த இயக்கத்துக்காகச் சிறை சென்றார்கள். பள்ளிப் பாடத்தில் இன்று அது இரண்டு மதிப்பெண் கேள்வி. கலீஃபாவின் வீட்டுப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்பாரில்லை. தாம்பரத்தில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை இறங்கும் ஐதராபாத்தில்தான் அந்தக் கதையின் பெரும்பகுதி நடந்தது.

அந்தப் பெண்களில் ஒருவரான துர்ருஷெவார் 1914 ஜனவரி 26 அன்று இஸ்தான்புல்லில் பிறந்தார். முதல் உலகப்போர் மூண்ட ஆண்டு அது. தந்தை அப்துல் மஜீத், 1908 வரை அரண்மனைக் காவலில் வைக்கப்பட்டிருந்த உதுமானிய இளவரசர். வாரிசுகள் வெளியே நடமாடினால் ஆபத்து என்று அரியணையில் இருந்த சுல்தான் அஞ்சிய காலம். அடைபட்ட ஆண்டுகளில் அவர் ஓவியமும் இசையும் பயின்றார். பேத்தோவன் இசையை அந்தப்புரப் பெண்கள் வயலினிலும் பியானோவிலும் வாசிப்பதாக அவர் தீட்டிய ஓவியம் புகழ்பெற்றது. அந்தப்புரம் என்றதும் நாம் கற்பனை செய்யும் சோம்பல் உலகத்துக்கு அந்தப் படமே மறுப்பு. மகளும் அந்தச் சூழலில்தான் வளர்ந்தார்.

1922 நவம்பரில் சுல்தான் பதவி ஒழிந்தது. அப்துல் மஜீத் கலீஃபாவானார். கையில் அதிகாரம் ஏதும் இல்லை. 1924 மார்ச் 3 அன்று அங்காரா நாடாளுமன்றம் அந்தப் பதவியையும் ஒழித்து, உதுமானியக் குடும்பத்தார் அனைவரையும் நாடு கடத்தியது. அன்றிரவே அரண்மனையைச் சுற்றிக் காவல். நகரத்து நிலையத்தில் கூட்டம் கூடிவிடும் என்பதால் விடியுமுன் கார்களில் ஏற்றித் தொலைவிலுள்ள சதால்ஜா நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ரயில் வரும்வரை அவர்களை வீட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தவர் அந்த நிலைய அதிகாரி, ஒரு யூதர். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட தம் முன்னோருக்கு அடைக்கலம் தந்த வம்சம் என்ற நன்றி அவருக்கு. துர்ருஷெவாருக்கு அப்போது பத்து வயது.

பிரான்சின் நீஸ் நகரில் குடியேறிய குடும்பத்துக்கு ஐதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் மாதம் 300 பவுண்டு அனுப்பிவந்தார். நிஜாமின் மூத்த மகன் ஆஜம் ஜாவுக்குப் பெண் பேச நடுவில் நின்றவர் அதே சௌகத் அலி. கலீஃபா பதவியைக் காக்க ஊர் ஊராகப் பேசியவர், அது போனபின் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கையை அமைத்துக் கொடுத்தார். 1931 நவம்பர் 12, நீஸில் இரட்டைத் திருமணம். துர்ருஷெவாருக்கு ஆஜம் ஜா. உறவுப்பெண் நிலோஃபருக்கு இளைய மகன் மோஅஸம் ஜா. மணமக்கள் 'பில்ஸ்னா' கப்பலில் பம்பாய் வந்தார்கள். வட்டமேசை மாநாடு முடிந்து காந்தியும் அதே கப்பலில்தான் திரும்பினார்.

பேரரசு இருந்திருந்தால் இந்தப் பெண்கள் போஸ்பரஸ் கரை மாளிகை ஒன்றில் திரைக்குப் பின்னால் முடிந்துபோயிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐதராபாத்தில் இருவரும் பர்தா இன்றிப் பொதுவிழாக்களுக்கு வந்தார்கள். துர்ருஷெவார் உருது கற்றார். பழைய நகரத்தில் புரானி ஹவேலியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நிலோஃபருக்குக் குழந்தையில்லை. போர்க்காலத்தில் செவிலியர் பயிற்சி பெற்றவர் அவர். 1949இல் பணிப்பெண் ஒருவர் பிரசவத்தில் இறந்துபோனது அவரை உலுக்கியது. தாய்சேய் நலத்துக்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டுமென்று முனைந்தார். 1953இல் ரெட் ஹில்ஸ் பகுதியில் நிலோஃபர் மருத்துவமனை எழுந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் இன்றும் அங்கேதான் பிழைத்தெழுகிறார்கள்.

துர்ருஷெவாரின் வாழ்வில் என் மனத்தை அறுப்பது வேறொன்று. 1944 ஆகஸ்டில், பாரிஸ் நாஜிகளிடமிருந்து மீண்ட நாட்களில், அப்துல் மஜீத் அங்கே காலமானார். பிறந்த மண்ணில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டு மகள் துருக்கித் தலைவர்களிடம் மன்றாடினார். மறுத்துவிட்டார்கள். பத்து ஆண்டுகள் தந்தையின் உடல் பாரிஸ் பெரிய பள்ளிவாசலில் காத்துக் கிடந்தது. மூன்று கண்டங்களை ஆண்ட வம்சத்தின் கடைசிக் கலீஃபாவுக்கு ஆறடி நிலம் இல்லை! 1952இல் குடும்பத்துப் பெண்கள் நாடு திரும்பலாம் என்று சட்டம் தளர்ந்தது. இறந்தவருக்கு அந்தத் தளர்வும் இல்லை. 1954இல் மதீனாவில் அடக்கம் செய்தார்கள். குடியரசு அரண்மனையை எடுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கலாம். கிழவரின் கல்லறைக்கு அஞ்சியதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

துர்ருஷெவார் 2006 பிப்ரவரி 7 அன்று லண்டனில் இறந்தார். அருகே புரூக்வுட் மயானத்தில் அடக்கம். அவருடைய மூத்த மகன் முகர்ரம் ஜா 2023 ஜனவரியில், பாட்டனாரை விரட்டிய அதே இஸ்தான்புல்லில் காலமானார். அவர் விரும்பியபடி உடலை ஐதராபாத்துக்குக் கொண்டுவந்து மெக்கா மசூதி வளாகத்தில் நல்லடக்கம் செய்தார்கள்.