சேம அச்சும் பிடியரிசியும்

'சேமிப்பு' என்றவுடன் வங்கிக் கணக்கும் அஞ்சலகப் புத்தகமுமே இன்றைய தமிழருக்கு நினைவில் எழுகின்றன. ஆனால் அதன் வேராகிய 'சேமம்' தமிழில் பழமையாக ஆளப்பட்டுள்ள ஓரிடத்தில் பணமும் இல்லை, பொன்னும் இல்லை. ஒரு மர அச்சுதான் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உப்பு வணிகரான உமணரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் நுகத்தின் பாரம் அறியாத இளையவை. ஏற்றியிருக்கும் பண்டமோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்பதை முன்னரே அறிந்தவர் எவரும் இல்லை. ஆதலால் உமணர் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு செல்கின்றனர். அதற்குப் பெயர் 'சேம அச்சு'. அந்த அச்சைப் போன்றவன் எனத் தலைவனைப் புகழ்வதே பாட்டின் கருத்து.

இந்த ஆட்சியில் சேமம் என்பது மிகுதிப்பட்டதைக் குறிக்கவில்லை என்பதைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். உமணர் அவசரத்துக்கென்று கூடுதலாக ஒரு மூட்டை உப்பைக் கட்டவில்லை. எது முறிந்தால் வண்டி நடுக்காட்டில் நின்றுவிடுமோ, அதற்கு இணையான ஒன்றையே கட்டினர். இலக்கியங்களில் வரும் 'சேமத்தேர்', அதாவது ஏறிய தேர் அழிந்தால் மாற்றிக்கொள்ள நிறுத்திவைக்கும் தேர், இப்பொருளிலேயே அமைந்தது. இன்று லாரியின் அடிப்பகுதியில், ஏறத்தாழ உமணர் அச்சைக் கட்டிய இடத்திலேயே, தொங்கும் மாற்றுச் சக்கரத்தை ஓட்டுநர்கள் 'ஸ்டெப்னி' என்கின்றனர். 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய தொழிலின் பெயர் அது. பொருள் மாறாமல் நிற்க, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல்லின் இருக்கையில் ஓர் அயலூர்த் தெருவின் பெயர் அமர்ந்துவிட்டது வருந்தத்தக்கதே.

சேமம், 'க்ஷேமம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. காவலைக் குறிக்கும் 'ஏமம்' என்ற சொல்லோடு இதை இணைத்துக் காண்போரும் உண்டு. வடமொழியில் இது 'தங்கி வாழ்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. யோகம், க்ஷேமம் என இரண்டையும் இணைத்துச் சொல்லும்போது, இல்லாததை அடைவது யோகம் என்றும், அடைந்ததைக் காப்பது க்ஷேமம் என்றும் உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டுவர். 1956இல் தொடங்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் குறிக்கோள் வாசகத்துக்குக் கீதையின் இச்சொல்லிணையையே எடுத்துக்கொண்டது. நலம் என்ற பொருளில் இது பழைய கடிதங்களின் முதல் வரியில் நிலைத்தது. இலங்கையிலோ 'ஊழியர் சேமலாப நிதி' என ஓய்வுகாலப் பணத்தின் பெயராயிற்று.

அகராதிகள் சேமத்துக்குப் புதைத்தல் என்னும் பொருளையும் தருகின்றன. காத்தலும் புதைத்தலும் ஒரே சொல்லில் கூடியதில் வியப்பில்லை. ஏனெனில் பொன்னையும் தானியத்தையும் மண்ணுக்குள் வைப்பதே நெடுங்காலம் பெரிய காவலாக இருந்தது. இங்கே 'பதுக்கல்' என்னும் சொல்லையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். சங்கப் பாடல்களில் 'பதுக்கை' என்பது இறந்தவர் உடல்மேல் குவித்த கற்குவியல். பதுக்கு என்னும் வினையோ மறைத்து வைத்தலைக் குறிக்கும். புதைத்தலைத் தொட்டு நின்ற இரு சொற்களுள் சேமிப்பு நற்பெயர் பெற, பதுக்கல் சந்தையில் பொருளை மறைத்து விலையேற்றும் குற்றத்தின் பெயராகிவிட்டது. பிறர் வாங்க வேண்டியதை மறைப்பது பதுக்கல், தன் பங்கிலிருந்து ஒதுக்குவது சேமம் என்று வேறுபடுத்துவதே நேர்மையான வரையறை.

வீட்டு வழக்கில் சேமம் என்ற சொல் அரிது. 'ஆத்திர அவசரத்துக்கு எடுத்து வைத்தல்' என்பதே பெண்களின் பேச்சு. ஆனால் அச்சொல் குறித்த பொருள் வீட்டில்தான் முழுமையாக வாழ்ந்தது. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளைச் சாணமும் களிமண்ணும் கொண்டு பூசி, மேல்வாயில் நெல்லைக் கொட்டி அடித்துளை வழியே எடுக்கும்படி அமைத்தது குதிர். ஏணிக்கு எட்டாத உயரமும் பழந்தானியமும் கொண்ட இத்தகைய கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. மாசி, பங்குனியில் வரும் புதுப்புளியை ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்பைத் தூவித் தூவிப் பானையில் அழுத்தி, வாயைத் துணியால் கட்டி வைத்தால், அது நாள்பட நாள்படக் கறுத்து, அடுத்த புளி வரும் வரை கெடாமல் இருக்கும். யாழ்ப்பாணத்தார் பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தி ஒடியலாகவும், அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாகவும் வைத்துக்கொண்டனர்; ஒடியலை இடித்த மாவு கூழுக்கு உதவியது.

இவற்றுள் எளியவர் வீட்டுக்கும் இயன்றது பிடியரிசி. குதிர் வைக்க நிலமும் விளைச்சலும் வேண்டும். பிடியரிசிக்கு ஒரு கலயம் போதும். உலைக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப அள்ளி, அன்றாடப் பானையில் சேர்க்காமல் தனிக் கலயத்தில் போட்டு மூடுவர். நாளுக்கு இரு வேளை உலை வைக்கும் வீட்டில் ஒரு திங்களில் அறுபது பிடி சேரும். சோறு ஒரு பிடி குறைந்ததை உண்பவர் உணர்வதில்லை. அடைமழையில் கூலிவேலை நின்றுபோன ஐப்பசி நாளில்தான் அந்தக் கலயத்தின் மூடி திறக்கும்.