எளிய இசைக்கருவிகள் (வகுப்பறை)

எளிய இசைக்கருவிகள் என்பன கொட்டாங்கச்சி, இலை, உறிஞ்சுகுழல், இரப்பர் வளையம், கண்ணாடிப் புட்டி முதலிய அன்றாடப் பொருட்களைக் கொண்டு வகுப்பறையில் குழந்தைகளே செய்யும் இசைக்கருவிகள் ஆகும். இசையையும் ஒலியியலையும் ஒருங்கே கற்பிக்க இவை பயன்படுகின்றன.

பின்னணி

பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதும் பீப்பி தமிழகச் சிறுவர்கள் நன்கறிந்த எளிய கருவியாகும். நாதசுவரத்தின் சீவாளி அதிர்வதும் இதே முறையில்தான். கழிவுப் பொருட்களால் கற்பிக்கும் முறையை இந்தியப் பள்ளிகளில் பரப்பியவர்களுள் அரவிந்த் குப்தா குறிப்பிடத்தக்கவர். இவர் 1972 இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கப்பட்ட ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பின்னர்ப் பங்கேற்றார். 2018 இல் பத்மசிறீ விருது பெற்றார்.

ஒலியியல்

உறிஞ்சுகுழலின் ஒரு முனையைத் தட்டையாக்கிக் கூம்பு வடிவில் வெட்டி ஊதினால் பீப்பி ஒலி எழும். ஊதிக்கொண்டிருக்கையிலேயே மறுமுனையைச் சிறிது சிறிதாக நறுக்கினால் சுருதி படிப்படியாக உயரும். ஒருமுனை மூடிய 34 செ.மீ குழாயின் விளிம்பில் ஊதினால் ஏறத்தாழ 250 எர்ட்சு அதிர்வெண் கிடைக்கும்; 17 செ.மீ குழாயில் அது இரட்டிப்பாகும்.

நீர் நிரப்பிய புட்டியில் மாணவர்கள் மட்டுமன்றி ஆசிரியர்களும் குழம்புவதுண்டு. புட்டியைத் தட்டும்போது கண்ணாடியும் நீரும் சேர்ந்து அதிர்வதால், நீர் மிகுந்தால் சுருதி தாழும். வாயில் ஊதும்போது காற்றே அதிர்கிறது. எனவே நீர் மிகுந்தால் சுருதி உயரும். விடையைக் கூறிவிடாமல் ஒரே புட்டியில் இரண்டையும் செய்து பார்க்கச் சொல்வதே சிறந்தது.

ஓசூர் வட்டாரம்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குழந்தைகள் உள்ளனர். தமிழில் தப்பு எனவும் தெலுங்கில் டப்பு எனவும் வழங்கும் தோற்கருவி கன்னடத்தில் தமட்டெ எனப்படுகிறது. அட்டைப்பெட்டியில் செய்த பறைக்கு ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுப் பெயரைச் சூட்டுவது மொழிப்பாடமாகவும் அமையும்.

தொழிற்பேட்டைகள் நிறைந்த இப்பகுதியில் பொதியட்டை, குழாய்த் துண்டுகள் ஆகியவற்றுக்குப் பஞ்சமில்லை. எனினும் வண்ணப்பூச்சு, பசை, கரைப்பான் இருந்த தகரங்களைக் கழுவிய பின்னரும் பயன்படுத்தலாகாது. வாயில் வைத்து ஊதும் கருவிகளுக்குத் தொழிற்சாலைக் கழிவு எதுவும் ஏற்றதன்று. வெட்டிய உலோகத் துண்டுகளின் கூர்விளிம்பும் ஆபத்தானது.

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் நெகிழி உறிஞ்சுகுழல்கள் தடை செய்யப்பட்டுள்ளன. காகிதக் குழல் எச்சில் பட்டு விரைவில் நைந்துவிடும். உள்ளீடற்ற பப்பாளி இலைக்காம்பை வெவ்வேறு நீளத்தில் நறுக்கி, பால் வடிந்தபின் கழுவி, அடிமுனையை விரலால் மூடி விளிம்பில் ஊதலாம்.