வடிகட்டிச் சங்கிலி (அப்பாச்சி மினா)

அப்பாச்சி மினா என்பது வலையமைப்புச் செயலிகளை எழுத உதவும், யாவா மொழியிலான பணிச்சட்டகம் ஆகும். இதில் ஓர் இணைப்பின் வழியே வரும் தரவு, செயலியின் கையாளியை அடையும் முன் கடக்கும் வடிகட்டிகளின் வரிசை வடிகட்டிச் சங்கிலி எனப்படும். இணைப்பின் நிலைக்கு ஏற்ப நடத்தை மாறவேண்டிய வடிகட்டிகளை நிலைப்பொறியாக வடிவமைக்கலாம்.

அமைப்பு

பெறப்படும் தரவு சங்கிலியின் தலையிலிருந்து வாலை நோக்கிச் செல்கிறது. அனுப்பப்படும் தரவு எதிர்த்திசையில் செல்கிறது. ஆகவே வடிகட்டிகளின் வரிசை முக்கியமானது. மறையாக்க வடிகட்டி, நெறிமுறைக் குறிமாற்றிக்கு முன்னதாகத் தலைப்பக்கம் இருத்தல் வேண்டும். இடம் மாறினால், குறிமாற்றி மறையாக்கப்பட்ட பைட்டுகளையே கட்டளைகளாகப் படிக்க முயலும்.

நிலைப்பொறி

நிலைப்பொறி என்பது நிலைகள், நிகழ்வுகள், நிலைமாற்றங்கள் ஆகியவற்றால் ஆனது. மினாவில் இதற்கெனத் தனிக்கூறு உள்ளது. எந்த நிலையில் எந்த நிகழ்வுக்கு எந்தச் செயற்கூறு இயங்கவேண்டும் என்பது நிரலிலேயே குறிக்கப்படுகிறது. இதன் கையேடு ஒலிநாடாக் கருவியை எடுத்துக்காட்டாகத் தருகிறது: நாடா இல்லாத நிலையில் 'இயக்கு' என்னும் கட்டளைக்கு நிலைமாற்றம் இல்லை, எனவே அது பிழையாகும்.

நிலையைச் சேமிக்கும் இடம்

ஒரே வடிகட்டிப் பொருள் பல இணைப்புகளுக்குப் பொதுவாக இருக்கக்கூடும். நிலையை அதன் மாறிகளில் வைத்தால், ஒருவர் புகுபதிகை செய்த நிலை மற்றொருவருக்கும் உரியதாகிவிடும். ஆதலால் ஒவ்வோர் இணைப்புக்கும் உரிய அமர்வின் பண்புகளில் நிலை சேமிக்கப்படுகிறது. மேலும், டிசிபி நெறிமுறை செய்திகளின் எல்லைகளைக் காப்பதில்லை. ஒரு செய்தி துண்டுகளாகவோ, பல செய்திகள் ஒன்றாகவோ வரலாம். எனவே செய்தி முழுமையடைந்த பின்னரே நிலை மாறவேண்டும்.

எடுத்துக்காட்டு

மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையில் ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்னும் கட்டளை, வெளிப்படையான இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றுகிறது. இதற்கு வெளிப்படை, உடன்பாடு, மறையாக்கம் என மூன்று நிலைகள் போதுமானவை. வழங்கி வெளிப்படையாக விடையளித்த பின், மறையாக்க வடிகட்டி சங்கிலியில் சேர்க்கப்படுகிறது.

அக்கட்டளையை ஒட்டி வந்த வெளிப்படையான பைட்டுகள் இடையகத்தில் தங்கிவிடக்கூடும். மறையாக்கத்தின் பின் வழங்கி அவற்றைச் செயற்படுத்தினால், இடையில் இருப்பவர் நுழைத்த கட்டளைகள் பயனர் பாதுகாப்பாக அனுப்பியவையாகக் கருதப்படும். போஸ்ட்பிக்ஸ் உள்ளிட்ட சில அஞ்சல் வழங்கிகளில் இவ்வழு 2011இல் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.

நிலைப்பொறியில் இடையகத்தை வெறுமையாக்குதல், உடன்பாட்டு நிலைக்குச் செல்லும் ஒரே நிலைமாற்றத்தின் செயலாக எழுதப்படுகிறது. பல இடங்களில் சிதறிய உண்மை-பொய் மாறிகளைக் கொண்டு எழுதும்போது இப்படி ஒரு படி விடுபடுவது எளிது.