பிளாச்சிமடையும் வளாகக் கோக் புறக்கணிப்பும்

வளாகக் கோக் புறக்கணிப்பு என்பது, தாங்கள் படிக்கும் பல்கலைக்கழகம் கோகா கோலா நிறுவனத்துடன் செய்துகொண்ட கொள்முதல் ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்கள் 2000-களில் நடத்திய இயக்கம். இரண்டு புகார்கள் அதற்கு அடிப்படை. ஒன்று, கொலம்பியாவின் பானம் நிரப்பும் ஆலைகளில் தொழிற்சங்கத்தினர் கொல்லப்பட்டதைப் பற்றியது. மற்றொன்று, இந்தியாவில் நிறுவனத்தின் ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலத்தடி நீரைப் பற்றியது. நீடித்த உணவுக்கான மாணவர் இயக்கங்களில் பெரும்பாலானவை தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். இந்த இயக்கம், வளாகத்தில் விற்கும் ஒரு பாட்டிலுக்கான தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வந்தது என்று கேட்டது. அதற்கு முதற்காரணமான ஊர் தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஊரும் கிணறும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்தது பிளாச்சிமடை. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இங்கே பெய்வதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே கிடக்கும் வறண்ட பகுதி இது. கால்வாய்ப் பாசனத்தாலும் கிணற்றாலும் நெல்லும் தென்னையும் விளைகின்றன. ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இரவாளர், மலசர் பழங்குடியினரும் தலித் குடும்பங்களும் வாழ்கின்றனர். அவர்களின் பேச்சில் தமிழே மேலோங்கி நிற்கும்.

1977-இல் இந்தியாவை விட்டு வெளியேறிய கோகா கோலா 1993-இல் திரும்பி வந்தது. அதன் துணை நிறுவனமான இந்துஸ்தான் கோகா கோலா பெவரேஜஸ், பிளாச்சிமடையில் சுமார் 34 ஏக்கர் நிலத்தில் ஆலை அமைத்து 2000-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறுகள்தான் நீர் ஆதாரம். நீதிமன்றத்தில் பேசப்பட்ட கணக்கே நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டரைத் தாண்டியது. அதைவிட அதிகம் எடுக்கப்பட்டது என்பது ஊரார் வாதம்.

ஓரிரு ஆண்டுகளுக்குள் கிணற்று நீர் கடுத்துப்போனதை முதலில் கண்டுகொண்டவர்கள் பெண்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. வடித்த சோறு சீக்கிரமே கெட்டது. குளித்தால் உடம்பு அரித்தது. நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு வெகுதூரம் நடந்தார்கள். ஆய்வகங்கள் பின்னாளில் எண்களாகச் சொன்னதை அடுப்படி முன்பே சொல்லிவிட்டது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே பந்தல் போட்டுச் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு அதைத் தொடங்கிவைத்தார். போராட்டத்தின் முகமாக உயர்ந்தவர் விஜயநகர் காலனியைச் சேர்ந்த இரவாளர் பெண் மயிலம்மா. பள்ளிப் படிப்பு இல்லாத அவர், ஆண்டுக்கணக்கில் அந்தப் பந்தலில் உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் தன் ஊர்க் கிணற்றின் கதையைச் சொன்னார். 2007 ஜனவரியில் மறைந்தார்.

நிறுவனம் ஆலைக் கழிவின் சேற்றை உரம் என்று சொல்லி உழவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தது. 2003 ஜூலையில் பிபிசி வானொலி அந்தச் சேற்றை இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, ஈயமும் காட்மியமும் இருப்பது தெரியவந்தது. அடுத்த மாதமே டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 12 குளிர்பான வகைகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2004 பிப்ரவரியில் அந்த முடிவுகளை ஏற்றது. நிறுவனம் இக்குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து மறுத்துவந்தது.

பெருமாட்டி ஊராட்சி 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஒரு கிராம ஊராட்சி எடுத்த முடிவு அது. அதன் துணிச்சலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. ஆலை மட்டும் மீண்டும் ஓடவேயில்லை.

வளாகத்துக்கு வந்த வழக்கு

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் 2003-இல் வாக்கெடுப்பு நடத்தி, மாணவர் சங்கக் கடைகளிலிருந்து கோக்கை நீக்கினார்கள். அப்போது பேசப்பட்டது கொலம்பியா மட்டுமே. இந்தியத் தண்ணீர்ப் பிரச்சினையை அமெரிக்க வளாகங்களுக்குக் கொண்டுபோனதில் அமித் ஸ்ரீவாஸ்தவா நடத்திய இந்திய வள மையத்துக்குப் பெரும் பங்குண்டு. பிளாச்சிமடையோடு உத்தரப் பிரதேசத்தின் மேதிகஞ்ச், ராஜஸ்தானின் காலாடேரா ஆகிய ஊர்களின் பெயர்களும் மாணவர் துண்டறிக்கைகளில் ஏறின.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்ததை விரிவாகப் பார்க்க வேண்டும். முழக்கத்தோடு நிற்காமல் மாணவர்கள் விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்த இடம் அது. தனக்குப் பொருள் விற்கும் நிறுவனங்கள் தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் ஆகியவற்றில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அப்பல்கலைக்கழகம் ஒரு நடத்தை விதித்தொகுப்பை 2004-இல் கொண்டுவந்திருந்தது. மாணவர் அமைப்புகள் அதன் கீழ் எழுத்துமூலம் புகார் கொடுத்தன. புகார் விசாரணைக் குழுவுக்குப் போனது. மூன்று வளாகங்களிலும் சேர்த்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேலான ஒப்பந்தங்கள் இதில் அடங்கும். 2005 ஜூனில் குழு கெடு விதித்தது: இரு தரப்பும் ஏற்கும் வெளி ஆய்வாளர் ஒருவரையும் ஆய்வு முறையையும் நிறுவனம் டிசம்பர் 31-க்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நடக்கவில்லை. 2006 ஜனவரி 1 முதல் கொள்முதல் நிறுத்தி வைக்கப்பட்டது. சில வாரங்களுக்கு முன்புதான் நியூயார்க் பல்கலைக்கழகமும், கொலம்பியப் புகாரை முன்வைத்து, கோக் விற்பனையை நிறுத்தியிருந்தது.

நிறுவனத்தின் மொத்த வருவாயில் இந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பதினெட்டு வயதில் ஒரு பானத்தைக் கைவிடுகிறவர்கள் நாற்பது வயதிலும் அதைத் தொடமாட்டார்கள் என்ற கவலை எந்தக் குளிர்பான நிறுவனத்துக்கும் இருக்கும். 2006 ஏப்ரலில் கோகா கோலா இறங்கி வந்தது. கொலம்பிய ஆலைகளைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும், இந்திய ஆலைகளின் நீர்ப் பயன்பாட்டை டெல்லியின் ஆய்வு நிறுவனமான டெரியும் மதிப்பிடும் என்று எழுதிக்கொடுத்தது. அதன்பேரில் மிச்சிகன் கொள்முதலைத் தொடர்ந்தது. டெரி முன்பே கோகா கோலாவின் ஆதரவைப் பெற்ற அமைப்பு என்று மாணவர்களும் இந்திய வள மையமும் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானதே.

டெரியின் அறிக்கை 2008 ஜனவரியில் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கடுமையாகவே இருந்தது. ஆராய்ந்த 6 ஆலைகளுள் காலாடேரா பற்றிய பரிந்துரை முக்கியமானது. நீர்வளம் உள்ள வேறிடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவது, நீர் மிகுந்த காலத்தில் சேமித்துவைப்பது, ஆலையை இடம் மாற்றுவது, அல்லது மூடிவிடுவது என்று நான்கு வழிகளை அது நிறுவனத்தின் முன் வைத்தது. நிறுவனம் மூடவில்லை, காலாடேராவில் உற்பத்தி நின்றது 2016-இல்தான். பிளாச்சிமடை ஆலை முன்பே மூடிக்கிடந்ததால் ஆய்வுக்குள் வரவே இல்லை. எந்த ஊரின் பெயரைச் சொல்லி இயக்கம் வளர்ந்ததோ அந்த ஊரின் கிணறு அறிக்கையில் இடம்பெறாமல் போனதை இந்த வரலாற்றின் பெரிய குறையாகவே கொள்ள வேண்டும்.

கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010-இல் பிளாச்சிமடையின் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தில், அங்கே மீண்டும் ஆலை நடத்தும் எண்ணமில்லை என்று நிறுவனம் தெரிவித்தது.

பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும்

இந்திய நகரங்களில் உணவு நிறுவனங்களுக்கு எதிரான போராட்டத்துக்குப் பெங்களூரு பழைய களம். அங்குள்ள பிரிகேட் சாலையில்தான் கேஎஃப்சி 1995-இல் இந்தியாவில் தன் முதல் கடையைத் திறந்தது. பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தினர் 1996 ஜனவரி 30 அன்று அதைத் தாக்கினார்கள். அது உழவர்களின் போராட்டம். கடையை உடைத்த முறையை இன்று பலரும் ஏற்கமாட்டார்கள். ஆனாலும் பெருநிறுவன உணவு நம் மண்ணை என்ன செய்யும் என்ற கேள்வி நகரத்துக்குள் வந்தது அதன் மூலம்தான். 2006 ஆகஸ்டில் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தின் இரண்டாவது பூச்சிக்கொல்லி அறிக்கை வந்தபின் கர்நாடக அரசு கல்வி நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் குளிர்பான விற்பனைக்குத் தடை விதித்தது. கேரளம் உற்பத்தியையே தடை செய்தது. உயர் நீதிமன்றம் சில வாரங்களில் அதை நீக்கிவிட்டது.

தமிழ்நாட்டில் இளைஞர்களின் குரல் 2017-இல் ஓங்கியது. ஜனவரியில் மெரினாவிலும் பிற ஊர்களிலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய மாணவர்கள் கோக்கையும் பெப்சியையும் தரையில் ஊற்றிப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் விற்பனையை நிறுத்தின. பொவொண்டோவும் பன்னீர் சோடாவும் கடைகளில் முன்வரிசைக்கு வந்தன. மார்ச் 2 அன்றே, கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் கொடுப்பதற்கு இருந்த இடைக்காலத் தடையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விலக்கியது. சில மாதங்களில் புறக்கணிப்பு தளர்ந்தது. உணர்ச்சி நிறைய இருந்தது. விடுதி மெஸ்ஸிலோ கல்லூரி கேண்டீனிலோ கொள்முதல் விதி எதுவும் மாறவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2016 நவம்பரிலும் 2018 ஆகஸ்டிலும் வளாகங்களில் நொறுக்குத்தீனி விற்பனையை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதில் பேசப்பட்டது மாணவர்களின் உடல்நலம். கிணறு, தொழிலாளி, உழவர் பற்றிய பேச்சு இல்லை. மிச்சிகனில் இருந்ததைப் போன்ற நடத்தை விதித்தொகுப்பு நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் வழக்கமில்லை. தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் கர்நாடகத்தின் 1999-ஆம் ஆண்டுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் முறைகேட்டைத் தடுக்கப் பிறந்தவை. நடைமுறையில் குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் போகிறது.

மாணவர்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய பிடி வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல கல்லூரி விடுதிகளில் இன்றும் டிவைடிங் சிஸ்டம் உண்டு. மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, சாப்பிட்ட நாட்களைக் கொண்டு வகுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். மாணவரே மெஸ் செக்ரட்டரியாக இருந்து காய்கறிக்கும் அரிசிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடங்களும் உள்ளன. அங்கே வாரம் ஒரு வேளை சாமை, தினை, கேழ்வரகு என்று முடிவெடுக்கவோ, பக்கத்து ஊர் உழவரிடம் நேரடியாக வாங்கவோ துணைவேந்தரின் ஆணை தேவையில்லை. பொதுக்குழுவில் கைகள் உயர்ந்தால் போதும். ஒப்பந்தக்காரர் நடத்தும் அரசு வளாக கேண்டீன் என்றால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் விண்ணப்பக் கட்டணத்தோடு ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கலாம். எந்த நிறுவனத்தின் குளிர்பதனப் பெட்டி எந்த நிபந்தனையில் அங்கே நிற்கிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கக்கூடும்.