அடைக்கலம் என்னும் ஊர்

தமிழில் அடைக்கலம் என்பது இலேசான சொல்லன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே அப்பெயரால் அமைந்துள்ளது. கவுந்தியடிகள் ஆயர்குல மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். காக்க இயலாமற்போன துயரில் மாதரி தீப்புகுந்து மாண்ட செய்தி வஞ்சிக் காண்டத்தில் வருகிறது. ஏற்றவர் தலைமேல் இத்துணைப் பாரம் ஏற்றும் இச்சொல்லை நெல்லைச் சீமைத் திருச்சபை எவ்வாறு கையாண்டது என்பதை நாம் சற்றே நோக்குவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாத்தான்குளம் சுற்றுவட்டாரத்துப் பனங்காட்டு மக்கள் பலர் கிறித்தவத்தைத் தழுவினர். எதிர்ப்பு எழுந்தது, வீடுகள் எரிந்தன. குடியிருந்த மனை பிறருடையது, ஏறிய பனையும் பெரும்பாலும் பிறருடையது என்ற நிலையில், மதம் மாறியவனை ஊரைவிட்டு நீக்க வழக்கு மன்றம் தேவைப்படவில்லை. நிலக்கிழாரின் ஒரு சொல் போதும். இந்நிலையில் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799இல் தனியே நிலம் பெற்றுச் சிலரைக் குடியேற்றினார். அதுவே முதலூர். (இன்று அப்பெயரைக் கேட்டதும் பலருக்கு மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வரும்!)

விவிலியத்திலும் அடைக்கலப் பட்டணங்கள் உண்டு. ஆனால் அவை அறியாமல் கொலை செய்துவிட்டவன் பழிக்குத் தப்பி ஓடிப் புகும் இடங்கள். முதலூருக்கு வந்தவர்களோ எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள்.

1820இல் பாளையங்கோட்டை வந்த இரேனியஸ் ஐயர் இம்முயற்சியை ஓர் அமைப்பாக்கினார். 1830இல் அவர் தொடங்கிய தருமசங்கம், துன்புற்ற குடிகளுக்கு நிலமும் மனையும் வாங்கித் தந்தது; கோயிலும் பள்ளியும் எழுப்பியது. சபையாரின் காணிக்கையும் அதற்கு ஆதாரமாயிற்று. இரேனியஸ் ஐயரை இலக்கண நூலாசிரியராகவும் விவிலிய மொழிபெயர்ப்பாளராகவும் தமிழ் மாணவர் அறிவர். நம் கருத்தில் மனைப்பட்டா பெற்றுத்தந்த இரேனியஸ் அவர்களினும் பெரியவர். ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. இவ்வூர்களுட் பல ஒரே சாதியாரின் குடியிருப்புகளாகவே அமைந்தன. நிலக்கிழாரிடமிருந்து விடுதலை கிடைத்தது. சாதி உடன் குடிவந்தது.

அவர் காலத்தில் எழுந்த ஊர்களுள் ஒன்று, பிரஷ்ய நாட்டுத் தோனா பிரபுவின் பொருளுதவியால் அவர் பெயர் பெற்ற தோனாவூர். அங்கே அடைக்கலத்தின் பொருள் பின்னர் மாறியது. 1901 மார்ச்சில், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து வந்த குழந்தைகளால் தோனாவூர் ஒரு பெருங்குடும்பமாயிற்று, 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர், மருத்துவமனையும் எழுந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது என்பதை எண்ணினால், அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் அச்சிறுமியருக்கு வேறு கதவு எத்தனை இருந்தது? கோயிற் பெண்டிரின் இசையையும் ஆடலையும் அம்மையாரின் எழுத்து கண்டுகொள்ளவில்லை என்பது மெய்யே. அக்குறை ஏழு வயதுப் பிள்ளைக்குத் திறந்த கதவைச் சிறிதாக்கிவிடாது.

1931இல் தவறி விழுந்த அம்மையார் எஞ்சிய ஆண்டுகளைப் பெரிதும் அறையிலேயே கழித்து, 1951 ஜனவரியில் மறைந்தார். அவர் விருப்பப்படி கல்லறைக்கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை அவ்விடத்தில் வைத்தனர்.