அம்மாவும் மமதையும்: இரு விசைப்பலகைகளின் வரலாறு

பயனர் எதையும் மாற்றாதபோது மென்பொருள் தானே மேற்கொள்ளும் அமைப்பை இயல்பிருப்பு என்கிறோம். திருப்பதியிலும் சித்தூரிலும் ஒரே கணினியில் தெலுங்கும் தமிழும் எழுதும் நமக்கு அதன் வரலாறு அயலானதன்று.

1991இல் இந்தியத் தரத்தில் இடம்பெற்ற இன்ஸ்கிரிப்ட், பிராமி வழிவந்த எழுத்துகளுக்குப் பொது இருப்பிடம் வகுத்தது. தெலுங்கின் ககரமும் தமிழின் ககரமும் ஒரே விசையில் அமைந்தன. தமிழில் இல்லாத வருக்க எழுத்துகளின் விசைகள் வெறுமையாயின. விண்டோஸ் 2000 தமிழுக்குத் தந்த விசைப்பலகையும் இதுவே.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99, வேறொன்றை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் மெய் இரட்டித்தல் மிகுதி. ஆகவே ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என எழுத நான்கு தட்டல்கள் போதும். இன்ஸ்கிரிப்டில் புள்ளியையும் தனியே தட்டவேண்டும். 'மமதை' போன்ற அரிய சொற்களில், இடையே அகரத்தைத் தட்டினால் புள்ளி விழாது. இலக்கண நூலார் விதியும் புறனடையும் வகுத்த முறையே இது.

எனினும் தமிழ் மட்டும் எழுதுவோருக்கு ஏற்ற இவ்விதி, இருமொழியாளருக்கு இரண்டாவது பழக்கத்தைச் சுமத்துகிறது. நமக்கு இன்ஸ்கிரிப்டே சிக்கனம். பல விசைப்பலகைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விட்ட இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியவற்றின் பயன் இங்கேதான் விளங்குகிறது. இயல்பிருப்பு பெரும்பான்மை வழக்கைத் தழுவலாம். எல்லையில் வாழ்வோருக்கு மாற்றும் உரிமை ஆடம்பரமன்று, தேவை.