குளிருக்கு ஒரு காவலாளி

லிந்துலையிலும் தலவாக்கலையிலும் வாழ்வோரிடம் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிப் பேசப் புகுவது, கடற்கரையில் உப்பு விற்பதற்கு ஒப்பாகத் தோன்றலாம். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் தான். ஆயினும் மலைக்குளிர் வேறு, பெட்டிக்குள் இருக்கும் குளிர் வேறு. மலைக்குளிர் வெயில் ஏறினால் விலகும். பெட்டியின் குளிரோ இரவும் பகலும் ஒரே அளவில் நிற்கவேண்டும். அவ்வாறு அதனை நிறுத்தி வைக்கும் சிறு கருவியே தெர்மோஸ்டாட். தமிழில் அதனை வெப்பநிலைச் சீராக்கி எனலாம்.

இக்கருவியின் வரலாறு குளிரில் தொடங்கவில்லை, வெப்பத்தில் தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோர்னேலிஸ் திரெபெல் என்னும் ஒல்லாந்தர், கோழி முட்டைகளைப் பொரிக்க வைக்கும் அடுப்பொன்றை அமைத்தார். சூடு மிகுந்தால் குழாயிலுள்ள சாராயம் விரிந்து பாதரசத்தை உந்தும், பாதரசம் உயர்ந்து காற்று வழியை அடைக்கும், அடுப்புத் தணியும். காவலுக்கு ஆளில்லாமல் தீ தன்னைத் தானே அடக்கிக் கொண்டது. அடுத்த நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர், கப்பற் கடிகாரத்திற்காகப் பித்தளையையும் உருக்கையும் ஒரே தகடாக இணைத்தார். இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் அத்தகடு சூட்டில் வளையும். 1830-இல் ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்கொத்லாந்தியர் இவ்வகைத் தகட்டைக் கொண்டே ஆலைகளின் வெப்பத்தைச் சீராக்கும் கருவிக்கு உரிமை பெற்றார்.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. உலர்த்தும் பொறியின் அருகே நின்று, வெப்பமானியைப் பார்ப்பதும், அடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருக்கும் டீமேக்கரின் விழிப்பை நினைத்துப் பாருங்கள். அந்த விழிப்பையே உலோகத்தில் வார்த்தெடுத்தால் கிடைப்பது தெர்மோஸ்டாட்.

இனிக் குளிரின் கதைக்கு வருவோம். 1833-இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகரத்து வணிகர் பிரெடெரிக் தியூடர், குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தில் ஒரு பகுதி உருகிப் போயிற்று, எஞ்சியது விற்பனையாயிற்று. சென்னைக் கடற்கரையில் அப்பனிக்கட்டிக்கென எழுந்த கட்டடமே ‘ஐஸ் ஹவுஸ்’. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய பெருமையால் அது இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

1834-இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் ஆவியை அமுக்கிக் குளிர் உண்டாக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். ஆனால் பொறி மட்டும் போதாது; எப்பொழுது ஓடவேண்டும், எப்பொழுது ஓயவேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? 1918-இல் கெல்வினேட்டர் நிறுவனம் தானியங்கிக் கட்டுப்பாட்டுடன் பெட்டிகளை விற்கத் தொடங்கியது. அதன்பின்னரே குளிர், பொறியறிஞரின் கையிலிருந்து இல்லத்தரசியின் கைக்கு வந்து சேர்ந்தது.

பழைய முறைப் பெட்டிகளில் இக்கருவி இயங்கும் விதம் எளிது. மெல்லிய செப்புக் குழாயொன்றில் சிறிது வாயு அடைபட்டிருக்கும். உள்ளே வெப்பம் ஏறினால் வாயு விரிந்து சிறு துருத்தியை உந்தும், மின்தொடர்பு சேரும், பொறி ஓடும். குளிர்ந்தால் துருத்தி சுருங்கும், தொடர்பு விடுபடும். நாம் திருகும் குமிழ், அத்துருத்திக்கு எதிராக நிற்கும் வில்லை இறுக்கவோ தளர்த்தவோ செய்கிறது. குழாயிலுள்ள வாயு கசிந்தால், விளக்கு எரிந்தும் பொறி ஓடாது. தொடர்பு முனைகள் ஒட்டிக்கொண்டால், பொறி ஓயாது ஓடிக் காய்கறியெல்லாம் உறைந்துவிடும்.

மலையக மக்கள் இங்கே ஒன்றைக் கருதவேண்டும். வெப்ப நாடுகளுக்கென ஆக்கப்படும் பெட்டிகள் பெரும்பாலும் 16 முதல் 43 பாகை வரையுள்ள அறைகளுக்கு உரியவை. மார்கழி, தை இரவுகளில் நம் அறைகள் அதனினும் குளிர்கின்றன. ஒரே சீராக்கி கொண்ட இரட்டைக் கதவுப் பெட்டியில், கீழறை ஏற்கனவே குளிர்ந்திருப்பதால் பொறி அரிதாகவே ஓடும். மேலறையிலுள்ள பனிக்கட்டி இளகும். இது பழுதன்று, கருவி தன் கடமையைச் செய்கிறது. இதனை அறியாமல் நல்ல கருவியைக் கழற்றி எறிவது வீண் செலவாகும்.

உண்மையாகவே பழுதாயின் மாற்றுதல் அரிய செயலன்று. முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். கம்பிகள் எவ்வெம்முனையில் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழையதன் இலக்கத்தைக் காட்டி அதே வகையை வாங்கவேண்டும். புதிய குழாயை மடக்காமல், பழையது தொட்டிருந்த இடத்திலேயே பொருத்தவேண்டும். பச்சைநிற நிலத்தொடுப்புக் கம்பியை விட்டுவிடலாகாது. இக்குழாயின் வாயு வேறு, குளிர்ச் சுற்றில் ஓடும் வாயு வேறு; எனவே கருவியை மாற்றியதற்காகப் பெட்டிக்கு மீண்டும் வாயு ஏற்றவேண்டியதில்லை. மின்வேலை அறியாதோர் அறிந்தவரையே அழைத்தல் நன்று. புதிய பெட்டிகளில் மின்னணுப் பலகையே இத்தொழிலைச் செய்வதால், அவை இம்முறைக்கு அடங்கா.

பொறியியலறிஞர் விமலசுரேந்திரவின் கனவு பலித்து, 1950-இல் லக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையகத்து ஆறுகள் தலைநகருக்கு ஒளி தந்த காலத்திலும், தோட்டத்து லயங்களிலே நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. 2012-இல் தலவாக்கலையின் அருகிலேயே மேல் கொத்மலைத் திட்டமும் இயங்கத் தொடங்கிற்று. காலம் தாழ்ந்து லயத்துக்கு வந்த மின்சாரத்தோடு குளிர்சாதனப் பெட்டியும் வந்தது. அதில் இன்று பாலும் மீனும் மட்டுமா இருக்கின்றன? நீரிழிவு நோயாளியின் இன்சுலினும் இருக்கிறது. மருந்தகத்திலோ குழந்தைகளின் தடுப்பூசி இருக்கிறது. இவை 2 முதல் 8 பாகைக்குள் இருத்தல் வேண்டும். சூடு மட்டுமன்று, உறைதலும் இன்சுலினையும் பல தடுப்பூசிகளையும் கெடுத்துவிடும். கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

ஆகவே, அத்தகைய மருந்து வைக்கும் பெட்டியில் சிறு வெப்பமானியொன்றும் இருக்கட்டும். காவலாளி விழித்திருக்கிறானா என்று நாள்தோறும் ஒருமுறை பார்த்துக்கொள்வது, பழுதான கருவியை மாற்றுவதினும் முந்திய கடமையாகும்.